பட்டறைக்குக் கூடுதல் லோடு: கேள்வி பதில்

பழைய கட்டடத்தைப் பட்டறையாக மாற்றுகிறவர்கள் கூரை, தரை, பெயின்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கரண்டுக்கு வருகிறார்கள். வந்த கேள்விகளைப் படித்தாலே அது தெரிகிறது. கீழே உள்ள கணக்குகள் சிங்கிள் பேஸ் 230 வோல்ட், த்ரீ பேஸ் 400 வோல்ட் விநியோகத்துக்கானவை.

லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர், வெல்டிங் செட் எல்லாவற்றின் பிளேட்டிலும் எழுதியிருப்பதைக் கூட்டினால் 22 கிலோவாட் வருகிறது. அவ்வளவு லோடும் கேட்க வேண்டுமா? வேலை செய்வது நான் ஒருவன்தான்.

வேண்டாம். ஒரே நேரத்தில் எவை ஓடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் லேத்தில் நிற்கும்போது வெல்டிங் ஓடாது. ஆனால் கம்ப்ரஸர் உங்களைக் கேட்காமல் தானே ஸ்டார்ட் ஆகும். ஆகவே லேத், கம்ப்ரஸர், லைட், ஃபேன் ஒரு கணக்கு. வெல்டிங், கம்ப்ரஸர், லைட், ஃபேன் இன்னொரு கணக்கு. இரண்டில் எது பெரிதோ அதுதான் உங்கள் தேவை.

அப்புறம் ஸ்டார்ட்டிங் கரண்ட். 5 குதிரைத்திறன் த்ரீ பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அந்தச் சில வினாடிக்கு 6 முதல் 8 மடங்கு, அதாவது 45 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். மோட்டாரை முதலில் குறைந்த வோல்ட்டில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இதை மூன்றில் ஒரு பங்காக்கும், ஆனால் மோட்டாரின் முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஹெட்டில் காற்று அடைபட்டிருந்தால் கம்ப்ரஸர் திணறி நின்றுவிடும். அந்தக் காற்றை வெளியே விடும் அன்லோடர் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லேத்தை ஆன் செய்தாலே எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுகிறது. 20 ஆம்பியரை எடுத்துவிட்டு 40 போடலாமா?

கூடாது. எம்சிபி காப்பது மெஷினை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. 20 ஆம்பியருக்காகப் போட்ட ஒயரில் 40 ஆம்பியர் ஓடினால் எம்சிபி பேசாமல் இருக்கும். ஒயர் சுவருக்குள் வேகும்.

ஸ்டார்ட் செய்யும் நொடியில் விழுகிறது என்றால் எம்சிபியின் வகையைப் பாருங்கள். எம்சிபியில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல் பி வகை 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும் சட்டென்று விழும். அதே 20 ஆம்பியரில் டி வகை போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டி வகை போடும்போது ஷார்ட் ஆனால் போதிய கரண்ட் பாயுமா என்று எலக்ட்ரீஷியன் லூப்பை, அதாவது அந்தக் கரண்ட் போய்த் திரும்பும் மொத்த வழியின் ஓமை, அளந்து சொல்ல வேண்டும். இருபது நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் அது ஓவர்லோடு, அல்லது டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்து சூடாகிறது.

வீட்டு மீட்டரிலிருந்து 50 மீட்டர் தள்ளி ஷெட். 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் 40 ஆம்பியர் தாங்கும் என்றார்கள். போதுமா?

தாங்குவது வேறு, கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. போக 50, வர 50 என 100 மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம் காப்பரில் அது சுமார் 0.31 ஓம். 40 ஆம்பியர் ஓடினால் 12 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஸ்டார்ட்டிங் நேரத்தில் இழப்பு இன்னும் பல மடங்கு. மோட்டார் முனகும், சூடாகும். 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 4.6 வோல்ட்தான். குழி தோண்டுவது ஒரு முறைதான் என்பதால் பெரிய கேபிளாகவே போட்டுவிடுங்கள்.

த்ரீ பேஸ் கிடைக்க வழியில்லை. லேத் மோட்டாரோ த்ரீ பேஸ்.

விஎஃப்டி போடலாம். சிங்கிள் பேஸை வாங்கி மோட்டாருக்கு த்ரீ பேஸாகத் தரும் கருவி அது. ஆனால் சாதாரண சிங்கிள் பேஸ் விஎஃப்டி 230 வோல்ட் த்ரீ பேஸ்தான் தரும். மோட்டார் பிளேட்டில் 230/400 என்று இருந்தால் டெர்மினல் பெட்டியில் லிங்க்கை டெல்டாவுக்கு மாற்றிக் கொடுக்கலாம். டெல்டாவிலேயே 400 என்று இருந்தால் முழு வலு கிடைக்காது. பழைய ஆன்-ஆஃப் ஸ்விட்சை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடாதீர்கள். அதை விஎஃப்டியின் கன்ட்ரோல் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள்.

வெல்டிங் செட்டுக்கு 32 ஆம்பியர் எம்சிபி விழுகிறது, 63 போடலாமா?

மேலே லேத்துக்குச் சொன்னதுதான். ஒயரை மாற்றாமல் எம்சிபியைப் பெரிதாக்காதீர்கள்.

மீட்டருக்கு முன்னால் வரும் கேபிள் சூடாக இருக்கிறது. டேப் சுற்றினால் போதுமா?

தொடாதீர்கள். விநியோக நிறுவனத்தை இன்றே கூப்பிடுங்கள்.

கூரையில் சோலார் வைத்தால் லோடு கேட்க வேண்டாமா?

சோலார் என் துறை இல்லை. அதைச் செய்கிறவரிடம் கேளுங்கள்.

நாற்பது வருடமாக வயரிங் செய்கிறேன். கரியும் உப்பும் போட்டு நல்ல எர்த் குழி எடுத்தால் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை அணைக்கும் ஸ்விட்ச்) தேவையே இல்லை. ஏன் எல்லோரையும் செலவு செய்யச் சொல்கிறீர்கள்?

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த் குழி 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் ஒயர் மெஷின் பாடியில் பட்டால் எர்த் வழியாக ஓடுவது அதிகபட்சம் 23 ஆம்பியர். அந்த லைனில் இருப்பது 32 ஆம்பியர் எம்சிபி. அது விழவே விழாது. மெஷின் பாடியில் 230 வோல்ட் வரைகூட நின்றுகொண்டிருக்கும், யாராவது வந்து கை வைக்கும் வரை.

5 ஓமுக்குக் கொண்டுவந்தால்?

46 ஆம்பியர். விழுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சி வகை 32 ஆம்பியர் எம்சிபி சட்டென்று விழுவது உறுதியாக வேண்டுமென்றால் 320 ஆம்பியர் ஓட வேண்டும். மொத்த வழியும் முக்கால் ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கரி, உப்புக் குழியில் அதை எட்டுவது மிகவும் கடினம். விநியோக நிறுவனமே எர்த் கம்பி தந்திருந்தால் கதை வேறு. கரண்ட் உலோகத்தின் வழியே திரும்பும். குழியை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். எர்த் 100 ஓமாக இருந்தாலும் 2.3 ஆம்பியர் கசியும். அது போதும், கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும்.

ஆர்சிசிபி சும்மா சும்மா விழுந்து வேலையைக் கெடுக்கிறது. அதனால்தான் எல்லோரும் கழற்றிப் போடுகிறார்கள்.

சும்மா விழாது, காரணம் இருக்கும். புதுப்பித்த கட்டடங்களில் நான் அடிக்கடி பார்ப்பது, இரண்டு லைன்களின் நியூட்ரலைப் பெட்டிக்குள் ஒன்றாக முறுக்கி வைத்திருப்பது. அடுத்து ஈரமான ஹீட்டர் காயில். விஎஃப்டி இருந்தால் அதன் ஃபில்டரிலிருந்து கசியும்; அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் வகை ஆர்சிசிபியைத் தனி லைனில் போடுங்கள். கழற்ற மட்டும் சம்மதிக்க மாட்டேன். எர்த் குழி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. குழியும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும்.

கம்ப்ரஸர் எம்சிபி விழுகிறது, அடுத்த சைஸ்…

ஒயரைப் பாருங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

எர்த் பற்றிக் கேட்டவன்தான். இன்று மீட்டர் வாங்கி வந்து என் பட்டறைக் குழியை அளந்தேன். 14 ஓம்.

அளந்து பார்த்ததற்கு நன்றி ஐயா. 14 ஓம் என்றால் 16 ஆம்பியர்தான் ஓடும். உங்கள் எம்சிபி அதை அறியவே அறியாது. ஆர்சிசிபி மாட்டும் வரை இரும்பு பாடி உள்ள எந்த மெஷினையும் ஓட்டாதீர்கள். மாட்டிய பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை அழுத்துங்கள்.