ஆகஸ்டில் இலங்கைக்கு வருகிறோம். மலையும் கடலும் பார்க்க எந்த ஊர்களைத் தேர்ந்தெடுப்பது?

லண்டனில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எட்டு நாள் பயணம். கணவர், இரண்டு பிள்ளைகள், 68 வயதில் முழங்கால் வலியுள்ள அம்மா ஆகியோர் கூட வருகிறார்கள். நுவரெலியாவில் மூன்று நாள், தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவில் மூன்று நாள் என்று மனதில் வைத்திருக்கிறார்கள். சரியா என்பது கேள்வி.

இரண்டும் நல்ல ஊர்கள்தான். ஆனால் ஆகஸ்டில் வேண்டாம். ஆகஸ்டுக்கு உரிய மலை ஹப்புத்தளைப் பக்கம். ஆகஸ்டுக்கு உரிய கடல் கிழக்கில் இருக்கிறது. படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காமல் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று என் வேனில் ஏறும் எல்லோருக்கும் சொல்கிறேன். 16 ஆண்டுகளாகச் சொல்கிறேன். அதற்குக் காரணம் நான் வேன் ஓட்டிக் கற்றதல்ல, அப்பாவிடம் கற்றது.

ஹப்புத்தளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் வரிசையாக ஜன்னல்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை காற்றுக்காக வைத்தவை. இரவு வேலையின்போது அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்துக்கொண்டு நான் போவேன். அப்பா பரப்பி வைத்த கொழுந்தில் ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, பிறகு விரல்களை மெல்ல விரிப்பார். மழைக்காலத்துக் கொழுந்து என்றால் உடனே உதிர்ந்து விரிந்துவிடும். ஜூலை பிறந்து சில நாள் கழிந்ததும் ஒரு இரவு அது உள்ளங்கையில் பந்தாக அப்படியே நிற்கும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "கச்சான் இறங்கிவிட்டது" என்பார். அந்த வாரத்திலிருந்து தொழிற்சாலையே வேறு மணம் மணக்கும்.

கச்சான் என்பது மலையைத் தாண்டி வரும் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் மோதித் தன் மழையையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. முகட்டைக் கடந்து, ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை இருக்கும் ஊவா மாகாணப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. வறண்டு, பலமாக, பண்டாரவளை, பதுளை வழியாகக் கீழே இறங்கிக் கிழக்குக் கரை வரைக்கும் போகிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இந்தக் காற்றுதான். அதே காற்று கிழக்கில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசி, அந்தக் கடலை அமைதியாக வைத்திருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. அதனால் அங்கே அலை எழும்புகிறது.

டிசம்பர் பிறந்ததும் எல்லாம் தலைகீழாக மாறும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும். மழை கிழக்குக்கும் ஊவாவுக்கும் வரும். ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைக்கு நல்ல காலம். சிவனொளிபாதமலை ஏறுவதற்கும், நீங்கள் நினைத்த நுவரெலியாவுக்கும் மிரிஸ்ஸவுக்கும் அதுதான் காலம். எந்தப் பக்கத் தேயிலை அந்த மாதத்தில் மணக்கிறதோ அந்தப் பக்க மலைக்குப் போங்கள், அதன் அடிவாரத்துக் கடலுக்கு இறங்குங்கள். இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியாது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில் ஒரு குடும்பத்தைத் தெற்குக் கரைக்கு அழைத்துப்போனேன். அறைகள் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்யப்பட்டிருந்தன. பயணத்தை ஒழுங்கு செய்தவர்கள் பருவத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று நாளும் கரையில் சிவப்புக் கொடி. சின்ன மகள் வாளியும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு மண்டப வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய அப்பா பொறுக்கமாட்டாமல் இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கினார். ஒரே இழுப்பில் இருபது முப்பது அடி உள்ளே போய்விட்டார். மீன்பிடிக்கும் இளைஞர்கள் இருவர் பாய்ந்து இழுத்து வந்தார்கள். அந்த மனிதர் மணலில் படுத்து மூச்சு வாங்கிய காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தெற்கில் பவளப்பாறை காக்கும் ஓரிரு குடாக்களில் ஆகஸ்டிலும் கால் நனைக்க முடியும். எட்டு வயதுப் பிள்ளையை நம்பி விடுவதற்கு அது போதாது.

ஆகவே உங்கள் எட்டு நாளுக்கு நான் சொல்வது இது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் இரவு கண்டியில் தங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹெர என்னும் ஊர்வலத் திருவிழா அங்கே நடக்கும். அந்த நாட்களோடு உங்கள் தேதி சேர்ந்தால் அறை வாடகை பல மடங்கு ஏறும், நகரமே அடைத்துக்கொள்ளும். பெரஹெர பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் கண்டிக்கு வெளியே தங்கிவிட்டு விடியற்காலையில் புறப்படுங்கள்.

நுவரெலியாவுக்குப் பக்கத்து ரயில் நிலையமான நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளை வரைக்கும் ரயிலில் வாருங்கள். முழுப் பாதையிலும் உட்கார வேண்டியதில்லை. அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். இந்தத் துண்டு ஒன்றே போதும், ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரம். பட்டிப்பொலதான் நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம், 6,200 அடிக்கு மேல். ஆகஸ்டில் அங்கே பெரும்பாலும் தூறலும் மூடுபனியும் இருக்கும். ஜன்னலை மூடிக்கொண்டு எல்லோரும் போர்வைக்குள் இருப்பார்கள். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். பிள்ளைகளை ஜன்னலருகே உட்கார வைத்து, சுரங்கம் முடியும்போது வெளியே பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் மழையில் நுழைந்த ரயில் அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னும் எனக்கு அலுக்கவில்லை. நான் மேலே எழுதிய காற்றுக் கணக்கு முழுவதையும் அந்தச் சுரங்கம் சில நிமிடங்களில் அவர்களுக்குக் காட்டிவிடும்.

ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. டிக்கெட் எடுக்குமுன் ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேளுங்கள். ஓடாவிட்டால் நுவரெலியாவிலிருந்து ஹக்கல, வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்குச் சாலையில் வரலாம். ஹக்கலவைத் தாண்டி இறங்கும்போது அதே மாற்றம் தெரியும். பச்சை மறைந்து, பொன்னிறப் புல்வெளி தொடங்கும்.

ஹப்புத்தளையில் மூன்று இரவு. பக்கத்தில் எல்ல என்ற ஊர் இருக்கிறதே, அது வேண்டாமா என்று கேட்பீர்கள். எல்லவுக்கு ஒரு காலைப்பொழுது போய், ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஆகஸ்டில் அங்கே தெருவில் நடக்க இடம் இருக்காது. ஹப்புத்தளை ஒரு முகட்டின் மேல் உட்கார்ந்த ஊர், ஏறக்குறைய 4,700 அடி; இரவில் காற்று ஜன்னலை ஆட்டும், ஸ்வெட்டர் தேவைப்படும். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறைமுனைவரை போய்த் திரும்ப நீண்ட தூரம் நடக்க வேண்டும், அம்மாவால் முடியாது. அதற்குப் பதில் தம்பேதன்ன தோட்டத்துக்கு மேலே இருக்கும் லிப்டன் சீட்டுக்கு விடியுமுன் ஆட்டோவில் போங்கள். உச்சிவரைக்கும் வாகனம் போகும். பனி ஏறுவதற்கு முன் போய்விட்டால் தெற்கே மலைகள் படிப்படியாக இறங்கிச் சமவெளியில் முடிவது தெரியும். வானம் மிகத் தெளிவாக இருக்கும் நாளில் அந்தச் சமவெளியின் ஓரத்தில் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு தெரியும். அதுதான் கடல். கடலை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். அருகில் போய்க் கால் நனைக்க அதற்குப் பிறகு ஆறு வருடம் ஆனது.

திரும்பும் வழியில் லயன்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, கடந்து வருவீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். கச்சான் அடிக்கும் காலத்தில் மணம் கூடும், கொழுந்து குறையும்; நாள் முடிவில் தராசில் வைக்க வேண்டிய கிலோவைச் சேர்க்க அவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். நிறுவை முடிந்து கூடையை இறக்கிவைத்த பிறகு, "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் ஊர், பேர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். என் அம்மா 31 வருடம் கூடை சுமந்தவர். கேட்டு எடுத்த படத்துக்கும் கேளாமல் எடுத்த படத்துக்கும் அவருடைய முகத்தில் இருக்கும் வேறுபாடு எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் கீழே இறங்குங்கள். பெரகல, கொஸ்லந்த, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று சாலை போகிறது. சாப்பாட்டுக்கு நிறுத்தாவிட்டால் நான்கு மணி நேரம். வழியில் 220 மீட்டர் தியலும அருவி. ஆகஸ்டில் நீர் மெலிந்திருக்கும், ஆனாலும் நிறுத்திப் பாருங்கள். கொஸ்லந்தவுக்கு மேலேதான் மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயன்களோடு மனிதர்களை மூடியது அங்கேதான். அந்த இடத்தைக் கடக்கும்போது நான் வேனின் பாட்டை நிறுத்திவிடுவேன். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மலைக்கு வர நினைப்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதாகவே இருக்கும். அப்படியும் வருகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

பொத்துவிலை இருட்டுவதற்குள் அடையுங்கள். லகுகலப் பக்கம் மாலையில் யானைகள் சாலைக்கு வரும். அறுகம்குடாவில் ஒரு இரவு போதும். அது அலைச் சறுக்கு விளையாடுபவர்களின் ஊர். பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், குளிக்க முடியாது. அடுத்த நாள் அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு வழியாகப் பாசிக்குடாவுக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள். என் தங்கை வாழைச்சேனையில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் அந்தக் கடலை எனக்கு நன்றாகத் தெரியும். பவளப்பாறை வெளியே நின்று அலையைத் தடுத்துக்கொள்கிறது. குடாவுக்குள் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. என் அம்மா முதன்முதலாகக் கடலில் இறங்கியது அங்கேதான். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைக்குட்டையால் தலையை மூடி, சூடான தண்ணீரில் கால் மரத்த வலி போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். உங்கள் அம்மாவுக்கும் நான் அதையே சொல்வேன். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் இறங்குங்கள். நடுப்பகல் வெயில் கொடியது. பவளத்தை மிதிக்காமல் மணல் பக்கமாகவே நடக்கச் சொல்லுங்கள்.

வரிசையை மாற்றிக் கடலை முதலில் வைக்கலாமா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். வேண்டாம். மலையிலிருந்து இறங்கிக் கடலில் ஓய்ந்தால் அம்மாவின் முழங்காலுக்குக் கடைசி இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். பாசிக்குடாவிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கட்டுநாயக்கவுக்கு ஐந்தாறு மணி நேரம். இரவு விமானம் என்றால் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டே புறப்படலாம்.

ஹப்புத்தளையை விட்டு இறங்குமுன் அந்த மாதம் அரைத்த ஊவாத் தேயிலையில் கால் கிலோ வாங்குங்கள். பொதியில் இருக்கும் தேதியைப் பாருங்கள். லண்டனில் போட்டுக் குடிக்கும்போது முதல் கோப்பையில் மட்டும் பால் ஊற்ற வேண்டாம்.