சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக எந்த மாதிரி மின்ஸ்கூட்டர் வசதி?

பொங்கோல் வீட்டிலிருந்து நிலையம்வரை ஓட்டிவிட்டு, அப்புறம் மடித்து ரயிலில் கொண்டுபோக வேண்டும் என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் முதலில் எடையைப் பாருங்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி 20 கிலோவரை இருக்கலாம். ஆனால் அவ்வளவு கனத்தை ஒரு கையில் தூக்கிப் படியேறிப் பார்த்தால் தெரியும்! 12, 13 கிலோவைத் தாண்டாதீர்கள்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. சியாவ்மி எம்365 வண்டியில் அது காலடிப் பலகைக்குள் இருக்கும். கனம் தாழ்வாக இருப்பதால் ஓட்டும்போது நிதானம். நைன்பாட் இஎஸ்2 வண்டியில் கைப்பிடித் தண்டுக்குள். பலகை மெலிசாகும், ஆனால் முன்பக்கம் கனக்கும்.

முன்னதில் காற்று டயர்: குலுங்காது, பஞ்சராகும். பின்னதில் கெட்டி டயர்: நேரெதிர்.

ரயிலில் ஏற்ற, மடித்த அளவு 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். பெரும்பாலும் இடிப்பது கைப்பிடிதான். அதுவும் மடிகிற வகையாகப் பாருங்கள்.

யுஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாததைத் தொடவே வேண்டாம். 2019 நவம்பரிலிருந்து நடைபாதையில் ஓட்டத் தடை என்பதால், நிலையம்வரை சைக்கிள் பாதை இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.