எலும்புக்கூட்டைப் பார்த்து அந்த ஆள் பட்ட வருத்தத்தை (நோயை)ச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். ஆனால் எலும்புக்கு முன்னம் பல்லைப் பாருங்கள். நான் யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியம் பார்ப்பவள்; அதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லின் மேலுள்ள கடினமான வெளிப்படையான எனாமல் (பள்ளிக்கூடத்தில் மிளிரி என்று படித்திருப்பீர்கள்) ஒருமுறை படிந்தால் படிந்ததுதான். சின்ன வயதில் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்தால் எனாமல் படிவது தடைப்பட்டு, பல்லுக்குக் குறுக்கே ஒரு பள்ளக் கோடு விழும். ஆள் செத்து ஈராயிரம் வருடமானாலும் அந்தக் கோடு கிடக்கும். அது பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து, எத்தனை வயதில் அந்தக் கஷ்டம் வந்தது என்றும் கணிக்கலாம்.

என் தங்கச்சியின் மேல் முன்பல் இரண்டிலும் நடுவில் அந்தக் கோடு இருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். இரண்டு பல்லிலும் ஒரே உயரத்தில் இருப்பதால் விழுந்து அடிபட்டு வந்ததாக இருக்காது. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம் கடந்தபோது அவளுக்கு இரண்டு வயது. கொடிகாமத்தில் கொட்டிலில் இருந்த மாதங்களில் அவளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. அம்மா கஞ்சித் தண்ணியைக் கரண்டியால் பருக்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. படிக்கப் போன பிறகுதான் அந்தக் கோடு எனக்கு விளங்கியது.

எலும்பும் பேசும். கண்குழியின் மேற்பக்கம் சல்லடை மாதிரித் துளைகள் இருந்தால் பெரும்பாலும் சிறுவயது இரத்தச்சோகை. சயரோகம் (காசநோய்) முள்ளந்தண்டை அரித்துக் கூனாக்கும். தொழுநோய் மூக்கைச் சுற்றியுள்ள எலும்பைத் தேய்க்கும். ராஜஸ்தானின் பலாத்தலில் கிடைத்த, ஏறத்தாழ 4000 வருடத்து எலும்புக்கூடு ஒன்றில் தொழுநோயின் அடையாளங்களைக் கண்டு 2009இல் வெளியிட்டார்கள்.

கொலரா மாதிரி வருத்தங்கள் எலும்பைத் தொடுமுன்னரே ஆளைக் கொண்டுபோய்விடும். ஆகையால் தழும்பில்லாத எலும்பைக் கண்டு, சுகமாக வாழ்ந்த ஆள் என்று முடிவுகட்டக் கூடாது. தழும்புள்ளவர் அந்த வருத்தத்தோடு மல்லுக்கட்டிக் கொஞ்சக் காலமாவது உயிரோடு இருந்தவர். பல்லில் கோடு விழுந்த பிள்ளை அந்தக் காய்ச்சலைத் தாண்டி வளர்ந்த பிள்ளை.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைகுழியில் எலும்புக்கூட்டோடு பிராமி என்ற பழைய எழுத்துள்ள முத்திரையும் கிடைத்தது. எல்லாரும் முத்திரையைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கென்றால் அந்த மனிதரின் முன்பல்லை ஒருக்கால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேணும்.