மணிக்கு மணி: நேர வங்கி பற்றி வாசகர் கேள்விகள்

நேர வங்கியில் பணம் கிடையாது. ஒருவருக்கு ஒரு மணி நேரம் வேலை செய்து கொடுத்தால் உங்கள் கணக்கில் ஒரு மணி வரவு. அதை வைத்து வேறோர் உறுப்பினரிடம் ஒரு மணி நேர உதவி பெறலாம். 1973இல் ஜப்பானின் ஒசாகாவில் மிசுஷிமா தெருகோ என்ற பெண்மணி இப்படி ஒன்றைத் தொடங்கினார். 1980களில் சட்டப் பேராசிரியர் எட்கர் கான் இதே எண்ணத்தை அமெரிக்காவில் பரப்பினார். இதுபற்றி வந்த கேள்விகளில் சில:

எங்கள் குடியிருப்பில் முப்பது பேர் தயாராக இருக்கிறோம். எங்கே தொடங்குவது? எந்த ஆப் நல்லது?
*வாசகர், அம்பத்தூர்*

ஆப் பிறகு பார்க்கலாம். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நீள நோட்டு போதும். அதற்கு முன் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, செய்யக்கூடியவை மூன்றும் தேவைப்படுபவை இரண்டும் எழுதச் சொல்லுங்கள். முதல் பத்தி ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும். இரண்டாவது காலியாகத் திரும்பி வரும். அது நிறையாமல் தொடங்காதீர்கள். கொடுக்க முப்பது பேரும் கேட்க இரண்டு பேரும் இருந்தால் மூன்றாம் மாதமே நோட்டு பரணுக்குப் போய்விடும்.

தேவையையும் திட்டமாக எழுத வேண்டும். "வீட்டு வேலையில் ஒத்தாசை" என்றால் யாரும் முன்வரமாட்டார்கள். "செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய் வர வேண்டும்" என்றால் ஆள் கிடைக்கும்.

நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, செய்தவர், பெற்றவர், வேலை, நேரம். பதிய வேண்டியவர் பெற்றவர்தான், செய்தவர் அல்ல. தான் செய்ததைத் தானே எழுதக் கூச்சப்பட்டுப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். எல்லோர் கணக்கும் பூஜ்யத்தில் தொடங்கட்டும்.

ஒருங்கிணைப்பவருக்கும் நேரம் கொடுங்கள். "சும்மா செய்கிறேன்" என்று ஒருவர் ஏற்றுக்கொண்டால் அவர் களைத்துப்போகும் நாளில் வங்கியும் படுத்துவிடும். மாதம் ஆளுக்கு 15 நிமிடம் பற்று வைத்தால் முப்பது பேருக்கு ஏழரை மணி சேரும். ஐந்து மணி அவருக்கு, மீதி பொதுக் கணக்குக்கு.

மாதக் கடைசியில் கணக்கு உதைக்கிறது. தவறை எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகி, மதுரை*

பொதுக் கணக்கையும் ஓர் உறுப்பினராகச் சேர்த்து எல்லோர் இருப்பையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். மூன்று மணி அதிகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி வேலை ஒன்றுக்குப் பற்று எழுத விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் ஒன்றரை மணி வேலையை இருவருக்குமே வரவாக எழுதியிருப்பார்கள். இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள்.

கண்ணில் படாத தவறு வேறு ஒன்று. ஒரு மணி பதினைந்து நிமிடத்தை 1.15 என்று எழுதுவார்கள், அது 1.25. இரு பக்கமும் அதே தவறு ஏறினால் கூட்டல் பூஜ்யமாகவே நிற்கும். எனவே நிமிடத்திலேயே எழுதிவிடுங்கள்: 75.

எல்லோரும் மணியைச் சேர்த்து வைக்கிறார்களே தவிர யாரும் செலவழிப்பதில்லை. ஏன்?
*வாசகர், ஈரோடு*

இது பழைய நோய். 1970களில் வாஷிங்டனின் கேபிடல் ஹில் பகுதியில் ஏறக்குறைய 150 தம்பதிகள் ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டுறவு நடத்தினார்கள். அரை மணிக்கு ஒரு கூப்பன். பின்னால் அவசரத்துக்கு உதவும் என்று எல்லோரும் கூப்பனைப் பத்திரப்படுத்த, வெளியே போக ஆளில்லை. யாரும் போகாததால் கூப்பன் சம்பாதிக்கவும் வழியில்லை. கட்டாயம் வெளியே போக வேண்டும் என்று விதி போட்டும் பலனில்லை. கூடுதல் கூப்பன் அச்சிட்டுக் கொடுத்ததும் நிலைமை சீரானது. பிறகு அளவு மீறி, கூப்பன் கையில் இருந்தும் குழந்தை பார்க்க ஆள் கிடைக்காத நிலை வந்தது.

நோட்டுக் கணக்கில் கூப்பன் பஞ்சம் வராது, கையில் இல்லாமலே செலவழிக்கலாம். ஆனால் மைனஸ் என்றாலே நமக்குக் கடன்காரன் முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. மொய் நோட்டுப் பழக்கமும் ஒரு காரணம். மொய் இன்னாருக்கு இன்னார் திருப்ப வேண்டிய கடன். இங்கே நீங்கள் கடன்பட்டது குழுவுக்கு. உங்களுக்கு ஒட்டடை அடித்துக் கொடுத்தவருக்கு நீங்கள் ஆயுள் முழுக்க எதுவும் செய்யாமலும் இருக்கலாம். கூட்டல் பூஜ்யம் என்றால் ஒருவர் மேலே நிற்க இன்னொருவர் கீழே நின்றே ஆக வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வரம்பும் தேவை. மைனஸ் பத்து மணி, பிளஸ் இருபது மணி என்று வைத்துப் பாருங்கள். இருபதைத் தாண்டியது பொதுக் கணக்குக்குப் போகட்டும். எழுந்து நடமாட முடியாத உறுப்பினர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டரின் ஒரு மணியும் துணி மடிப்பவரின் ஒரு மணியும் ஒன்றா?
*வாசகர், கோவை*

நேர வங்கியில் ஒன்றுதான். ஒப்பவில்லையென்றால் 1983இல் கனடாவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லிண்டன் தொடங்கிய லெட்ஸ் என்ற உள்ளூர்ப் பரிமாற்ற முறை இருக்கிறது. அதில் இரு தரப்பும் பேசி விலை வைக்கலாம். அப்படி வைத்தால் சந்தைக் கூலியே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும் என்பது எங்கள் கருத்து. டாக்டர் இங்கே வந்து வைத்தியம்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. அவருக்குச் செடி வளர்க்கத் தெரிந்திருக்கலாம்.

அறுபதில் உழைத்துச் சேர்த்தால் எண்பதில் எடுக்கலாமா?
*வாசகர், தஞ்சாவூர்*

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரில் 2014இல் அப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். திடமாக இருக்கும் முதியவர்கள் தங்களைவிடத் தளர்ந்தவர்களுக்கு உதவி, 750 மணி வரை சேர்க்கலாம் என்று விதி வைத்தார்கள். திட்டம் நின்றுபோனாலும் சேர்த்த மணிக்கு நகராட்சி உத்தரவாதம் தந்தது. உங்கள் தெருவுக்கு அப்படி யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. ஓராண்டுக்குள் செலவழிக்கும் அளவுக்கு மட்டும் சேருங்கள்.

வீட்டில் நாள் முழுக்கச் சம்பளமில்லாத வேலை. இதில் தெருவுக்கும் செய்யச் சொல்கிறீர்களா?
*வாசகி, திருநெல்வேலி*

கோபம் நியாயமானது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. 2024இல் அது 289, 88. இந்த நிலையில் வங்கி தொடங்கினால் வரவு ஆண் பெயரிலும் வேலை பெண் தலையிலும் விழ வாய்ப்புண்டு. குடும்பத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்தால் நிச்சயம் அதுதான் நடக்கும். ஆளுக்கொரு கணக்கு வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எடுப்பவராகவே சேருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் குழந்தைகளை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவாமல் படுத்துத் தூங்கினாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைனஸ் பத்தைத் தொட்ட பிறகு யோசிக்கலாம்.

பெட்ரோல் செலவு? வந்து போகும் நேரம்?
*வாசகர், விழுப்புரம்*

பெட்ரோல், காய்கறி, பல்பு போன்றவற்றுக்குப் பெற்றவர் ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும். வழிநேரத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒரே தெரு என்றால் வேண்டாம்.