வயதுப் பாகுபாட்டை நாடு நாடாக ஒப்பிட முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வயதைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதும் மட்டமாக நடத்துவதும் எந்த நாட்டில் அதிகம், எதில் குறைவு என்று அடிக்கடி பட்டியல் வருகிறது. பெரியவர்களுக்கு மரியாதை தரும் பண்பாடுகளில் இது குறைவு என்றும் சொல்கிறார்கள். இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள் ஐயா? நம்பலாமா?

பதில்: அளக்க முடியும், கட்டாயம் அளக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல்களில் பலவற்றை நான் அப்படியே ஏற்பதில்லை.

எர்ட்மன் பால்மோர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2001-ல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். 20 சம்பவங்களை எழுதி, ஒவ்வொன்றும் உங்களுக்கு நடந்ததே இல்லையா, ஒரு தடவை நடந்ததா, அதற்கு மேலா என்று கேட்பது. "உங்களை மதிக்கிறார்களா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் நடந்ததைக் கேட்கிறது, அதனால் நல்ல முறைதான். பின்னர் இதே பட்டியலை வைத்து அமெரிக்காவையும் கனடாவையும் ஒப்பிட்டார். அதில் ஒரு கேள்வி: முதியவர்களைக் கிண்டல் செய்யும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை உங்களுக்கு வந்ததுண்டா? அந்த இரண்டு நாட்டுக்கும் பொருத்தமான கேள்வி. அட்டை அனுப்பும் வழக்கமே இல்லாத இடத்தில் கேட்டால் எல்லோரும் "இல்லை" என்பார்கள், மதிப்பெண் குறையும், அங்கே முதியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அறிக்கை வந்துவிடும். அதே இடத்தில் ஒரு பாட்டியின் வீட்டை விற்பது பற்றி அவர் எதிரிலேயே எல்லோரும் பேசி முடித்து, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கட்டத்தில் ஏறும்?

இன்னொரு கேள்வி, உங்கள் உபாதைக்கு வயதுதான் காரணம் என்று மருத்துவரோ நர்ஸோ தாமாகவே முடிவு கட்டினார்களா என்பது. முழங்கால் வலி என்று போன இரண்டு பேருக்கு, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயசானா அப்படித்தான்" என்று பதில் கிடைக்கிறது. ஒருவருக்குக் கோபம் வருகிறது, "ஆமாம்" என்று குறிக்கிறார். மற்றவர் டாக்டர் சொன்னது சரிதானே என்று நினைத்து "இல்லை" என்று குறிக்கிறார். நடந்தது என்னவோ ஒன்றுதான். அநியாயம் பழகிப்போன இடத்தில் அனுபவக் கணக்கு குறைவாக வரும். ரொம்ப மோசமான இடமே ரொம்ப நல்ல இடமாகத் தெரியக்கூடும். என்னை உறுத்துவது இதுதான்.

அதனால் பட்டியலை மொழிமாற்றிக் கொடுத்தால் போதாது. முதலில் அந்தந்த இடத்து முதியவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும், எது அவர்களை நோகடிக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். எழுதிய கேள்வியைக் காட்டி, இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்றும் கேட்க வேண்டும். அப்புறம், பதில்கள் ஒன்றோடொன்று சேரும் விதம், அதாவது ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்றவர்கள் வேறு எதற்கெல்லாம் "ஆமாம்" என்கிறார்கள் என்பது, எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று புள்ளியியல் சோதனை உண்டு. அதில் தேறாத பட்டியலை வைத்து இரண்டு நாட்டுச் சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது.

மரியாதை தரும் பண்பாடு என்ற பேச்சுக்கு வருகிறேன். மைக்கேல் நார்த், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 23 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் மேற்கைவிடக் கிழக்கத்திய நாடுகளில்தான் முதியவர்கள் மீதான மனப்பான்மை மோசமாக இருந்தது. முதியோர் எண்ணிக்கை வேகமாகக் கூடியதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார்கள்.

கேள்வி: இது முதியவர்களின் பிரச்சினை மட்டும்தானா?

பதில்: இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, ஐரோப்பாவில் வயதுப் பாகுபாட்டைச் சந்தித்ததாக மற்ற வயதினரைவிட இளையவர்களே அதிகம் சொல்கிறார்கள். 60-க்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் கேட்கும் பட்டியலில் இது வரவே வராது.

கேள்வி: வயதுப் பாகுபாடு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு "உலகில் இரண்டில் ஒருவர்" என்கிறார்கள், அமெரிக்காவில் 93 சதவீதம் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி, ஆனால் இரண்டும் அளந்தது வேறு வேறு. இரண்டில் ஒருவருக்காவது முதியவர்களை மட்டமாக நினைக்கும் மனப்பான்மை உண்டு என்பது அதே 2021 அறிக்கையில் உள்ளது. 57 நாடுகளில் 83,034 பேரின் பதில்களிலிருந்து எடுத்த கணக்கு. முதியவர்களைப் பற்றி மற்றவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, பாதிக்கப்பட்டவர்களின் அனுபவத்தை அல்ல. வயதுப் பாகுபாட்டை ஏதாவது ஒரு வடிவில் சந்திப்பவர்கள் 93 சதவீதம் என்பது அமெரிக்காவில் 2019 டிசம்பரில் நடந்த கருத்துக்கணிப்பு. அதில் அனுபவத்தைக் கேட்டார்கள்: உங்களால் முடிகிற வேலைக்கும் வலிய வந்து உதவுகிறார்களா, செல்போன் உங்களுக்குப் புரியாது என்று முடிவு செய்துவிடுகிறார்களா என்பது போல. ஆனால் உடல்நலக் கோளாறு முதுமையின் ஒரு பகுதி என்று நீங்களே நினைக்கிறீர்களா என்ற கேள்வியும் அதே கணக்கில் சேர்ந்தது, அதிகம் பேர் ஒப்புக்கொண்டதும் அதைத்தான். பிறர் செய்ததும் நாமே நம்புவதும் ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன, எனவே பிரித்துப் படியுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கணிப்பு 50 முதல் 80 வயது வரை உள்ளவர்களிடம்தான் நடந்தது, 85 வயதுக்காரரை யாரும் கேட்கவில்லை.