மடையும் வடிகாலும்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர்: அறுவை சிகிச்சை வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்)

கேள்வி: அப்பாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் 'இரிகேஷன்' என்று எழுதியிருந்தார்கள். பெரிய பெரிய சலைன் பைகளை மாற்றி மாற்றி மாட்டினார்கள். நாங்கள் விவசாயக் குடும்பம். இரிகேஷன் என்றால் பாசனம்தானே, ஆஸ்பத்திரியில் அதற்கு என்ன வேலை?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அதே சொல்தான். தண்ணீர் பாய்ச்சுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வயலுக்குப் பாய்ச்சினாலும் அதுதான், புண்ணைக் கழுவினாலும் அதுதான், பல் டாக்டர் வேர் சிகிச்சையில் மருந்து நீரைப் பீய்ச்சினாலும் அதுதான். நோக்கம்தான் வேறு. வயலில் விட்ட நீரைப் பயிர் குடிக்க வேண்டும். உடம்பில் விட்ட நீர் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டியிருப்பார்கள். சுரண்டிய இடத்தில் ரத்தம் கசியும். அது உறைந்து கட்டியானால் பாதை அடைத்துக்கொள்ளும். உறைய விடாமல் சிறுநீர்ப்பையைக் கழுவிக்கொண்டே இருப்பதற்குத்தான் அந்த மூன்று வழிக் குழாய். ஒரு வழியில் சலைன் உள்ளே போகும், இன்னொன்றில் வெளியே வரும், மூன்றாவது குழாயை நகராமல் பிடித்துவைக்கும் பலூனுக்கு. வெறும் தண்ணீர் ஏன் கூடாது என்றால், வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் வழியாக அது உடம்புக்குள் ஏறி, ரத்தத்திலுள்ள உப்பை நீர்த்துப்போகச் செய்துவிடும். அதனால்தான் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த சலைன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி டியூட்டி. மேலே தொங்கும் பை காலியாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் பெரியவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. கீழே இருந்த பையில் இரண்டு மணி நேரமாக ஒரு சொட்டு கூட ஏறவில்லை. சீனியர் அக்கா ஓடிவந்து முதலில் சலைனை நிறுத்தினார். அப்புறம் பெரிய சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி உறிஞ்சியபோது, ஈரல் துண்டு மாதிரி கட்டிகள் வந்தன. "நீ டெல்டாக்காரிதானே? மடையைத் திறந்துவிட்டு வடிகாலைப் பார்க்காமல் தூங்கப் போவார்களா உங்கள் ஊரில்?" என்றார். கார்த்திகை மழையில் வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்து, சம்பா நாற்று அழுகியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பதில் பேச வாயில்லை.

அதற்குப் பிறகு கணக்கு நோட்டு என் கையை விட்டு இறங்கவில்லை. 3 லிட்டர் உள்ளே போனால், வெளியே வருவது அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அந்த அதிகப்படிதான் நோயாளியின் சிறுநீர். பீட்ரூட் சாறு நிறத்தில் வருவது போகப்போக ரோஸ் மில்க் ஆகி, தெளிந்துவிட்டால் நல்லது. திரும்பச் சிவந்தாலோ, வரத்து நின்றாலோ, உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். துணைக்கு இருப்பவர்கள் தயங்கவே கூடாது.

கேள்வி: வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பேரன் அழுத்தி விளையாடியபோது வெடித்துக் கண்ணில் தெறித்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு இன்னும் வெந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் தடுத்தார்கள். சரியா?
– வாசகி, திருவையாறு

பதில்: தப்பு. அது ஏற்கெனவே தண்ணீர் விட்டு வெந்து நீர்த்த சுண்ணாம்புதான். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் காரம் கண்ணுக்குள் இறங்கும். ஒட்டியிருக்கும் கட்டியைச் சுத்தமான துணி முனையால் எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை அரை மணி நேரமாவது விடாமல் ஊற்ற வேண்டும். தாய்ப்பால், நெய் எதுவும் வேண்டாம். இமையை விரித்துப் பிடியுங்கள். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கம் வழியும்படி ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் பாயும். பிறகு நேராகக் கண் டாக்டரிடம்.