டெராஹெர்ட்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகன் டெராஹெர்ட்ஸ் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். போடும். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறான் என்பது முக்கியம்.

முதலில் உங்கள் பயம், கதிர்வீச்சு ஆபத்தில்லையா என்பது. டெராஹெர்ட்ஸ் அலை கதிர்வீச்சுதான் என்றாலும், நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ளது. எக்ஸ்-கதிர்போல் அணுக்களை அயனியாக்கும் வலு இதற்கில்லை. துணி, காகிதம், பிளாஸ்டிக் ஊடாகப் போகும், தண்ணீர் உறிஞ்சிவிடும்.

துறை புதிதல்ல. 1895 வாக்கிலேயே ஜகதீஷ் சந்திர போஸ் கொல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கினார். 1900இல் பெர்லினில் ரூபன்ஸ், குர்ல்பாம் இருவரும் தொலை அகச்சிவப்பை அளந்த கணக்குதான் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்கைத் தம் வெப்பக் கதிர்வீச்சு விதிக்கு இட்டுச் சென்றது. அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்? நல்ல அலைமூலமும் இல்லை, உணர்கருவியும் இல்லை. மின்னணுச் சாதனங்களுக்கு அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் எட்டவில்லை, லேசர்களால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்க முடியவில்லை. 1980களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேவிட் ஆஸ்டன் போன்றோர் அதிவேக லேசர் துடிப்புகளைக் கொண்டு வழி திறந்தார்கள். 1995இல் அங்கேயே ஹூ, நஸ் இருவரும் பறித்த இலை ஒன்றை இந்த அலைகளால் படமெடுத்து, 48 மணி நேரம் கழித்து அதே இலையை மறுபடி எடுத்தார்கள். இலையில் ஈரம் எங்கெங்கே வற்றியது என்பது அப்படியே தெரிந்தது. அந்த இரண்டு படங்களையும் தேடிக் காட்டும்படி மகனிடம் சொல்லுங்கள். அவன் ஏன் மயங்கினான் என்று புரியும்.

இந்த வரலாற்றிலேயே என் ஆலோசனையும் இருக்கிறது. கருவி செய்யத் தெரிந்தவர்களால்தான் இத்துறை நகர்ந்தது. ஆகவே பட்டப்படிப்பில் மின்னியல்-மின்னணுப் பொறியியலோ இயற்பியலோ எடுக்கட்டும். டெராஹெர்ட்ஸை மேற்படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சியாளர் ஆக முனைவர் பட்டம் வேண்டியிருக்கும், அதை இப்போதே மனத்தில் வையுங்கள். இடையில் மனம் மாறினால்? ஒளியியலும் உயர் அதிர்வெண் மின்சுற்றும் கற்றவனை இங்குள்ள குறைக்கடத்தித் துறை, அதாவது சிப் தயாரிக்கும் துறை, ஏற்றுக்கொள்ளும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. 2020இல் இங்குள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய டெராஹெர்ட்ஸ் சிப் நொடிக்கு 11 கிகாபிட் தரவை அனுப்பியது. அடுத்த தலைமுறைக் கைப்பேசி இணைப்பான 6ஜிக்கான முயற்சிகளில் இதற்கு இடமுண்டு. மாத்திரைப் பூச்சின் தடிமனைச் சோதிக்கவும் இந்த அலைகள் பயன்படுகின்றன.

தேசிய சேவை முடியும்வரை கணிதம் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாளில் நீங்களும் கூடவே போங்கள். இளநிலை மாணவர்களை எந்த ஆண்டிலிருந்து ஆய்வகத்தில் சேர்க்கிறார்கள் என்று பேராசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள்.